கோதுமை ஆகாத பிள்ளைகள்: சீலியாக் நோய் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பெரும்பாலானவை நமக்குப் பழகிய நோய்களுக்கானவை. சிறுநீரகம், இதயம், சர்க்கரை, விபத்து என்று பெயரைப் பார்த்ததுமே என்ன செலவாகும், எங்கே அனுப்பலாம் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் சில பிள்ளைகளின் நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்கவே வருடங்கள் ஆகின்றன. பெயர் தெரிந்த பிறகும் அது என்ன நோய் என்று வீட்டாருக்கே விளங்குவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம். அதன் பெயர் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம், சில பிள்ளைகளின் குடலைக் கெடுத்துவிடுகிறது. இதற்கு மாத்திரை இல்லை, ஊசி இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. சாப்பாடு ஒன்றுதான் மருந்து. ஆகவே இந்த மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு தாயோடு முடிவதில்லை. வீட்டார், அக்கம்பக்கத்தார், பள்ளிக்கூடம், மதரஸா என அனைவருக்கும் அதில் பங்கு உண்டு.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் சிறுகுடலின் உட்சுவரில் துண்டின் நூல் முனைகளைப் போல லட்சக்கணக்கான மெல்லிய குடல்விரல்கள் இருக்கின்றன. நாம் சாப்பிட்டதிலிருந்து சத்தை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்புவது அவைதான். சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்குக் குளூட்டன் உள்ளே போனதும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே பகை என்று நினைத்துத் தாக்குகிறது. குடல்விரல்கள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. பனியன் துணி தேய்ந்தால் நூல் முனை போய் வழவழவென்று ஆகிவிடுமே, அதுபோல. அதன் பிறகு பிள்ளைக்கு எவ்வளவு நல்ல சாப்பாடு கொடுத்தாலும் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கொழுப்பும் உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். சாப்பிடுகிற பிள்ளை மெலிந்துகொண்டே வருவது இதனால்தான்.

இது கோதுமை ஒவ்வாமை என்கிற அலர்ஜி அல்ல. அலர்ஜியில் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தடிப்பும் மூச்சுத் திணறலும் வரும். சீலியாக் நோயில் சேதம் மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும். பல நேரம் வெளியே எதுவும் தெரியாது.

நம் பக்கத்தில் ஏன் தெரியாமல் போகிறது?

வேலூர் சி.எம்.சி.யில் நீண்ட காலம் பணியாற்றிய டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கோவிந்த் மகாரியா முதலியோர் சேர்ந்து இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். அதன் முடிவு 2016ல் வெளியானது. ஆயிரம் பேருக்கு வடக்கில் 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11 என்ற அளவில் இந்நோய் இருந்தது. அதாவது நம் பக்கத்தில் பத்தாயிரம் பேரில் ஒருவர் என்ற கணக்கு.

நாம் தலைமுறைகளாக அரிசி சாப்பிடுகிறவர்கள். ஆகவே இங்கே இது அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே பலருக்கு இந்த நினைப்பு வருவதில்லை. ஆனால் ராயபுரத்தைச் சுற்றிப் பாருங்கள். பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கின்றன. நம் பள்ளிவாசலிலேயே நம்மோடு ஒரே வரிசையில் நின்று தொழுகிறார்கள். இந்நோய் அதிகமாக உள்ள பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் முன்போல இல்லை. உம்மாவும் அத்தாவும் ஷிப்டுக்குப் போய்விட்டால் காலையில் பிரெட், மாலையில் பேக்கரி பன், இரவில் பரோட்டா என்று மூன்று வேளையும் கோதுமையும் மைதாவும்தான். வரக்கூடிய உடம்பு என்றால் வருவதற்கு வழி திறந்தே இருக்கிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

கோதுமை உணவு கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள், இந்நோய் தலைகாட்டலாம். பள்ளி வயதிலும் வரலாம், பெரியவர்களுக்கும் வரலாம். கவனிக்க வேண்டியவை இவை:

• வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு. வெளிறிய, நாற்றமடிக்கும், எண்ணெய்ப் பசையுள்ள மலம். சிலருக்கு நேர்மாறாக மலச்சிக்கல்.
• கை கால் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருத்தல்.
• எடையும் உயரமும் கூடாமல் நின்றுபோதல். தன்னைவிடச் சின்னத் தம்பி தங்கை உயரத்தில் தாண்டிவிடுதல்.
• இரும்புச் சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தும் ஏறாத ரத்தசோகை.
• அடிக்கடி வாய்ப்புண், பல் எனாமல் கெடுதல், எப்போதும் சோர்வு, காரணமில்லாத எரிச்சல்.
• பெண்பிள்ளைகள் பருவமடைவது தாமதமாதல்.

இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே சீலியாக் என்று பயந்துவிட வேண்டாம். பூச்சி, கிருமித் தொற்று, பால் ஒத்துக்கொள்ளாமை என்று வேறு காரணங்களே நம் பக்கம் அதிகம். ஆனால் "மாந்தம்", "கண்ணேறு", "பிள்ளை வாகு அப்படி" என்று ஒரு வருடம் இரண்டு வருடம் கடத்திவிடக் கூடாது. பிள்ளைக்கு ஓதி ஊதுங்கள், துஆச் செய்யுங்கள். கூடவே குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். பிள்ளையின் எடை, உயரக் கணக்கை அங்கன்வாடி அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அந்த அட்டை மிகவும் உதவும்.

சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

இது மிக முக்கியம். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு சோதனைக்குப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடலாம். குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் சோதனையில் அது பிடிபடும்.

முதலில் டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்கச் சொல்வார்கள். அந்த அளவு இயல்பாகவே குறைந்துள்ள பிள்ளைகளுக்கு முதல் சோதனை பொய்யாகச் சரி என்று காட்டும் என்பதே காரணம். ரத்தத்தில் சந்தேகம் வந்தால் எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலிலிருந்து மிகச் சிறிய சதைத் துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள். பிள்ளையை மயக்கத்தில் வைத்துச் செய்வதால் வலி தெரியாது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவதே வழக்கம். ரத்தத்தில் அளவு இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால், இன்னொரு ரத்தச் சோதனையோடு எண்டோஸ்கோபி இல்லாமலே உறுதி செய்வதும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் குழந்தைகளின் குடல்நோய் மருத்துவர்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் முதலில் காட்டலாம். மேற்கொண்டு தேவைப்பட்டால் கோவைக்கோ, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ கடிதம் வாங்கிப் போகலாம்.

உறுதியானால் அது வாழ்நாள் முழுவதற்கும்தான். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது இந்நோயில் இல்லை. ஆகவேதான் சோதனை இல்லாமல் ஒரு பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. சோதனையில் உறுதியான பிறகு அதைச் சந்தேகப்படவும் கூடாது.

ரொட்டி இல்லாத காலத்தில் தேறிய பிள்ளைகள்

சாப்பாடுதான் மருந்து என்பது எப்படித் தெரியவந்தது? நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். சீலியாக் பிள்ளைகளுக்குக் கோதுமையே காரணமாக இருக்கலாம் என்று அவர் முன்பே நினைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944–45ல் அந்நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே மெலிந்துபோன நேரத்தில் இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். மறுபடி ரொட்டி வந்ததும் அவர்கள் உடல்நிலை கெட்டது. 1950ல் டிக்கே இதை ஆய்வாக வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை மருத்துவம் அதே இடத்தில்தான் நிற்கிறது: குளூட்டனை முழுதாக நிறுத்தினால் குடல் தானாகவே ஆறும். சில வாரங்களில் பிள்ளையின் முகம் தெளியும், பசி திரும்பும். குடல் முழுதாக ஆறச் சில மாதங்கள் முதல் இரண்டு வருடம்வரை ஆகலாம். அதுவரை இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி போன்றவற்றை மருத்துவர் தருவார். குடல் ஆறும்வரை சில பிள்ளைகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும்.

நம் ஊர்ச் சாப்பாடே போதும்

டெல்லியில் இருக்கும் ஒரு தாய்க்கு இந்நோய் பெரிய சோதனை. அங்கே மூன்று வேளையும் ரொட்டி. நமக்கு அல்லாஹ் இந்த மண்ணில் வேறு ரிஸ்க்கை விசாலமாக்கியிருக்கிறான். அரிசி, ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, மக்காச்சோளம் எதிலும் இந்தக் குளூட்டன் இல்லை. சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ராகிக் களி, கம்மங்கூழ், பருப்பு, கடலை, முட்டை, கறி, மீன், கோழி, காய்கனி, பேரீச்சம்பழம், தேங்காய், பால், தயிர் எல்லாமே இந்தப் பிள்ளைக்கு ஆகும். ரேஷன் அரிசியை வைத்தே ஓர் ஏழை வீட்டில் இந்தப் பிள்ளையை நன்றாக வளர்க்க முடியும். விலையுயர்ந்த "குளூட்டன் ஃப்ரீ" பிஸ்கட் பொட்டலங்கள் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆகாதவை: கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, கோதுமை ரவை, பிரெட், பன், பிஸ்கட், கேக், வர்க்கி, பரோட்டா, சப்பாத்தி, சமோசா, பப்ஸ், நூடுல்ஸ், கோதுமை அல்வா, பார்லிக் கஞ்சி, மால்ட் சேர்ந்த சத்து பானங்கள். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வருவதால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

தெரியாமல் உள்ளே வருபவை

பெருங்காயம்: கடையில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். சாம்பாரும் ரசமும் சரிதானே என்று நினைத்திருப்போம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது போடாமலே சமையுங்கள்.

மாவு மில்: கோதுமை அரைத்த கையோடு நம் ராகியைப் போட்டால் கோதுமையும் கலந்து வரும். அரிசியும் ராகியும் மட்டும் அரைக்கும் மிஷின் இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையேல் கொஞ்சமாக வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ச் சட்டி: சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும் ஆகாது. சில்லி சிக்கன் மசாலாவில் மைதா இருக்கும். சோயா சாஸில் கோதுமை இருக்கும்.

தோசைக்கல்: சப்பாத்தி போட்ட கல்லிலேயே பிள்ளைக்குத் தோசை ஊற்றக் கூடாது. முடிந்தால் தனிக் கல். முடியாவிட்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிள்ளையின் தோசையை முதலில் ஊற்றிவிடுங்கள்.

பொட்டல உணவு: ஜெலட்டின் இருக்கிறதா, ஹலாலா என்று பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. அதே கண்ணால் கோதுமை, மைதா, பார்லி, மால்ட் என்ற சொற்களையும் தேடுங்கள். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். "குளூட்டன் இல்லாதது" என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

"கொஞ்சம்தானே" என்ற சொல்

இந்தப் பிள்ளைகள் மறுபடி மறுபடி நோயில் விழுவதற்கு அன்புதான் பெரிய காரணம் என்றால் வியப்பாக இருக்கும். நன்னி பாசத்தோடு பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கொடுப்பார். பக்கத்து வீட்டு மாமி, "பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் சாப்பிடு, ஒன்றும் ஆகாது" என்பார். சாப்பிட்டதும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அதனால், "பார், நன்றாகத்தான் இருக்கிறான், டாக்டர்தான் பயமுறுத்துகிறார்" என்ற பேச்சு வந்துவிடும்.

இத்தாலியில் நடந்து 2007ல் வெளியான ஓர் ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் சாப்பிட்டவர்களுக்கே குடல் சேதம் தெரிந்தது. ஒரு துண்டு பிரெட்டில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. அதை நாற்பது பங்காக்கினால் ஒரு பங்குதான் இந்த 50 மில்லிகிராம். ஆகவே இந்தப் பிள்ளைக்குக் "கொஞ்சம்" என்ற அளவே கிடையாது. இப்படியே போனால் வளர்ச்சி குன்றும், எலும்பு பலவீனமாகும், ரத்தசோகை தீராது. பெண்பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் கருத்தரிப்பதிலும் சிக்கல் வரலாம். அபூர்வமாகக் குடல் புற்றுநோய்வரை போவதும் உண்டு.

கோதுமை ஹலாலானது, பரக்கத்தானது. அதில் ஐயமில்லை. ஆனாலும் ஹலாலான எல்லாமே எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொண்டுவிடாது. சர்க்கரை நோயுள்ள அத்தாவுக்கு இனிப்பைத் தடுக்கிறோமே, அதே போலத்தான் இதுவும்.

அங்கன்வாடி, பள்ளிக்கூடம், மதரஸா

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் கோதுமை சேர்ந்திருக்கிறது. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தரும் முதலமைச்சரின் காலை உணவில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, ரவை கிச்சடி வரும் நாட்கள் உண்டு. நல்ல திட்டங்கள்தான், இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆகாது. மருத்துவர் கடிதத்தின் நகல் ஒன்றைத் தலைமையாசிரியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் கொடுத்து, நேரில் விளக்கிச் சொல்லுங்கள். காலையில் வீட்டிலேயே இட்லி கொடுத்து அனுப்புங்கள். மதியச் சோற்றுக்கும் சாம்பார்ப் பெருங்காயத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதரஸாவில் குர்ஆன் முடித்த பிள்ளையின் வீட்டிலிருந்து பன்னோ லட்டோ வரும். உஸ்தாதிடம் சொல்லிவைத்தால், இந்தப் பிள்ளைக்கு என்று கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ எடுத்துவைப்பார். மற்றப் பிள்ளைகள் முன்னால் வெறுங்கையோடு நிற்க வைத்துவிடக் கூடாது. உடம்பு தேறிய பிறகும் அந்த வேதனை மனதில் தங்கிவிடும்.

நோன்பும் பெருநாளும்

சிறு பிள்ளைகள்மீது நோன்பு கடமை இல்லை. ஆசைப்பட்டுப் பிடிக்கும் பிள்ளையாக இருந்தாலும், குடல் ஆறி எடை கூடும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். பருவமடைந்தவர்களாக இருந்தால் மருத்துவரையும் ஆலிமையும் கலந்து முடிவெடுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். உடம்பு தேறியவர்கள், குளூட்டன் இல்லாத ஸஹரோடும் இஃப்தாரோடும் நோன்பு பிடிப்பதற்கு இந்நோய் பொதுவாகத் தடையில்லை.

நொய்யரிசியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி இவர்களுக்கு ஆகும். அதில் பெருங்காயமோ கோதுமை ரவையோ சேர்க்கவில்லை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே வைக்கும் சமோசாவும் பப்ஸும்தான் ஆகாதவை. ஹலீமில் கோதுமை உண்டு. பெருநாளைக்குச் சேமியாவுக்குப் பதில் ஜவ்வரிசிப் பாயசமோ வட்டலப்பமோ செய்தால் வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம். வலீமாவில் பிரியாணி ஆகும். அதோடு வரும் பிரெட் அல்வா ஆகாது. கத்திரிக்காய்க் கூட்டு, பொரித்த கோழி இவற்றைச் சமையல்காரரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தாயைக் குறை சொல்லாதீர்கள்

"உன் வீட்டு வம்சத்து வியாதி" என்ற பேச்சு எழும். இந்நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக் கூறுகள் தாய்வழியிலும் வரலாம், தந்தைவழியிலும் வரலாம். அவை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. தாய் கர்ப்பத்தில் சாப்பிட்டதாலோ, பால் கொடுத்ததில் குறை வைத்ததாலோ இது வருவதில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே எல்லாரும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பிள்ளைக்கு ஐந்து ஆறு வயதாகும்போதே, "எனக்குக் கோதுமை ஆகாது, அதில் மைதா இருக்கிறதா?" என்று தானே கேட்கப் பழக்குங்கள். ஒளித்துவைத்தும் அடித்தும் காக்க முடியாது. பதின்மூன்று பதினான்கு வயதில் நண்பர்களோடு பரோட்டாக் கடைக்குப் போகும்போது உம்மா கூட இருக்கமாட்டார். கேட்கத் தெரிந்த பிள்ளை அங்கேயும் தப்பித்துக்கொள்ளும். தவறிச் சாப்பிட்டுவிட்டால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடும். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை மருத்துவர் சொல்லும் ரத்தப் பரிசோதனையை விடாமல் எடுங்கள். உணவுக் கட்டுப்பாடு சரியாக நடக்கிறதா என்பதை அது காட்டிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

இஃப்தார் ஏற்பாட்டுக் குழுவினரும் விருந்து வைக்கும் வீட்டாரும், "கோதுமை ஆகாத பிள்ளை யாரும் உண்டா?" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். தனியாக ஒரு சட்டி, தனியாக ஒரு கரண்டி, இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வடமாநிலக் குடும்பங்கள் அண்டை வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். மெலிந்த பிள்ளையை வைத்துக்கொண்டு, மொழி தெரியாமல், எந்த மருத்துவமனைக்குப் போவது என்று விளங்காமல் இருப்பவர்களோடு கூடப்போய் உதவுங்கள். ரொட்டியை விட்டுவிட்டு இட்லியும் தோசையும் செய்யக் கற்றுக்கொள்வது அவர்களுக்குப் புதிது. அதைச் சொல்லிக்கொடுக்க நம் சகோதரிகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

சோதனைச் செலவுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் உதவி தேவைப்படும் குடும்பங்கள் மருத்துவர் சீட்டு, ரேஷன் அட்டை நகல், பிள்ளையின் எடை உயர அட்டை ஆகியவற்றோடு அறக்கட்டளை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மாதாந்திரக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்கள் எல்லாருக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

— செயலாளர்